பிசியோ வருகிறார், சரி. ஓ.டி. எதற்கு? (ஸ்ட்ரோக், இடுப்பு ஆபரேஷன், தீக்காயம், கால் எடுத்தவர்கள்)

பீனிக்ஸ்வாசி

தென்னாப்பிரிக்காவில், இங்கே டர்பன் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் ஸ்ட்ரோக் வந்தவர் படுக்கைக்கு டாக்டர், சிஸ்டர், பிசியோ எல்லாம் வந்துபோன பிறகு ஓ.டி. என்று ஒருவர் வருகிறார். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். கையில் மருந்து இல்லை, மெஷின் இல்லை. சட்டையைக் கொடுத்துப் போடச் சொல்கிறார், ரொட்டியில் ஜாம் தடவச் சொல்கிறார். "நடக்க வைத்தால் போதாதா, சட்டை மாட்டிவிட வீட்டில் ஆள் இல்லையா" என்று நம்ம ஜனம் கேட்கிறது. இந்த வேலையில் இருப்பவர்கள் இங்கே சில பேர் இருக்கிறீர்கள். "மிக முக்கியம்" என்கிற பொதுப்பேச்சு வேண்டாம். என்ன செய்கிறீர்கள், எந்த வரிசையில், வீட்டில் எங்கே கெடுகிறது என்று எழுதுங்கள்.

செயல்கை (ஓ.டி., நரம்பியல் வார்டு)

கேள்வி நியாயமானதுதான். பிசியோ ஆளை எழுப்பி நடக்க வைப்பார். நடந்துபோய்க் கக்கூசில் திரும்பி நின்று, ஒற்றைக் கையால் பேண்டை இறக்கி, உட்கார்ந்து, கழுவி, எழுந்து, பேண்டை ஏற்றிக்கொண்டு, கை கழுவித் திரும்புவது என் கணக்கு. வார்டு நீளத்துக்கு நடக்கிறவர், பேண்டை ஏற்ற வராத ஒரே காரணத்தால் நாப்பியோடு வீட்டுக்குப் போகக்கூடாது அல்லவா.

முதலில் பார்தெல் அட்டவணை போடுவோம், அன்றாட வேலைகளை ஆள் தானாக எவ்வளவு செய்கிறார் என்பதற்கான மதிப்பெண். 10 வேலைகள், மொத்தம் 100. படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவதற்கும் நடைக்கும் தலா 15. சாப்பாடு, உடை, கக்கூஸ், மலம் அடக்குதல், சிறுநீர் அடக்குதல், படிக்கட்டு தலா 10. குளியல், முகம் தலை சீர்செய்தல் தலா 5. ஒன்று கவனியுங்கள்: 100 வாங்கியவர் தனியாக வாழலாம் என்று இதற்கு அர்த்தம் கிடையாது. அடுப்பு, மாத்திரை, பணம், டாக்ஸி பிடிப்பது எதுவும் இந்த அட்டவணையில் இல்லை. அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

சட்டையையே எடுத்துக்கொள்வோம். இடது கை விழுந்தவர். ஆடாத, கைப்பிடி உள்ள நாற்காலி, பாதம் இரண்டும் தரையில். ஆரம்பத்தில் படுக்கை ஓரம் வேண்டாம், மெத்தை அமுங்கும், ஆள் இடப்பக்கம் சாய்வார். சட்டையை மடியில் உட்பக்கம் மேலே தெரியும்படி விரித்து, காலர் முழங்கால் பக்கமாக, இடது சட்டைக்கை இரண்டு முழங்காலுக்கும் நடுவே தொங்கும்படி வைக்க வேண்டும். வலது கையால் இடது கையைத் தூக்கி அந்தத் துளையில் விட்டு முன்னால் குனிந்தால், கை தன் எடையிலேயே கீழே இறங்கும். அப்புறம் துணியை முழங்கைக்கு மேலே, தோள் வரை இழுத்து ஏற்ற வேண்டும்.

பெரும்பாலும் கெடுவது இங்கேதான். முழங்கைக்குக் கீழேயே விட்டுவிட்டுக் காலரைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோனால் துணி முறுக்கிக்கொள்ளும், நல்ல கையும் மாட்டிக்கொள்ளும், மனுஷன் வெறுத்துப்போய் "நீயே போட்டுவிடு" என்பார். தோள் வரை ஏறிவிட்டால் மீதி சுலபம்: காலரைப் பிடித்துக் கழுத்துக்குப் பின்னால் சுற்றி, நல்ல கையை நுழைத்து, பட்டனைக் கீழிருந்து மேலே போடுவது. கீழ்ப் பட்டன் கண்ணுக்குத் தெரியும் என்பதால் வரிசை தப்பாது. கழற்றும்போது நல்ல கை முதலில். பேண்டுக்கும் இதே சட்டம்தான், விழுந்த பக்கம் முதலில் உள்ளே, கடைசியில் வெளியே.

முழுசாகச் செய்யத் தெம்பில்லாதவருக்குப் பின்னிருந்து தொடங்குவோம். எல்லாம் நாங்கள் செய்து, கடைசிப் பட்டன் ஒன்றை மட்டும் அவர் போடுவார். அது கைவந்ததும் கடைசி இரண்டு வேலை. ஒவ்வொரு முறையும் "முடித்தேன்" என்கிற இடத்தில்தான் அவர் கை நிற்கும். முதல் படியிலிருந்து தொடங்கினால் பாதியில் களைத்து, தோற்ற ஞாபகத்தோடு படுப்பார்.

வார்டு_சிஸ்டர்

செயல்கை சொல்றது சரி. ஆனா காலை 7 மணி ஷிஃப்ட் மாறுற நேரத்துல வார்டுல நின்னு பாருங்க. நோயாளி தானா சட்டை போட அரை மணி ஆகும், நாங்க போட்டுவிட்டா மூணு நிமிஷம். எல்லாத்தையும் அவங்களே செய்யணும்னு ஓ.டி. எழுதி வெச்சுட்டுப் போனா அது நடக்காது. நடக்கிறது என்னன்னா, ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு வேலை. படுக்கைத் தலைமாட்டுல "முகம் இவரே கழுவுவார், தண்ணி மட்டும் வைக்கவும்"னு தமிழ்லயோ ஜூலுவிலயோ இங்கிலீஷ்லயோ ஒரு சீட்டு. ராத்திரி ஷிஃப்டும் அதையே பார்க்கும்.

இன்னொண்ணு, குடும்பத்துக்கு. பார்க்க வர்ற நேரத்துல ஆளை நிமிர்த்தணும்னு கையைப் பிடிச்சு இழுக்காதீங்க. அக்குள்ல கை கொடுத்துத் தூக்கவும் வேண்டாம். ஸ்ட்ரோக் வந்த தோள்ல எலும்பைப் பிடிச்சு நிறுத்துற தசை தளர்ந்திருக்கும். ஒரு இழுப்புல மூட்டு கீழ இறங்கும், அந்த வலி மாசக்கணக்குல நிக்கும். வலி வந்தா அவர் கையை அசைக்கவே விட மாட்டார், அத்தோட கை சிகிச்சை நின்னுச்சு. உட்காரும்போது கை தொங்கக்கூடாது, தலையணை மேலயோ நாற்காலிப் பலகை மேலயோ இருக்கணும். மோதிரத்தை முதல் நாளே கழட்டிடுங்க, கை வீங்கினப்புறம் வெட்டித்தான் எடுக்கணும்.

பீனிக்ஸ்வாசி

சிஸ்டர், அப்போ படுக்கையிலிருந்து எப்படித்தான் எழுப்புவது? அதை யாராவது வரிசையாகச் சொல்லுங்கள்.

மூட்டுக்காரன் (பிசியோ, பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

நான் சொல்கிறேன். வீல்சேரை அவருடைய நல்ல பக்கம், படுக்கைக்குச் சற்றுச் சாய்வாக நிறுத்துங்கள். இரண்டு பிரேக்கும் போட்டு, கால் பலகையை மடக்குங்கள். கால் பலகையை மறந்தால் தடுக்கி விழுவார், முழங்காலுக்குக் கீழே தோலும் கிழியும். பிறகு ஆளை ஒருக்களிக்க வைத்து, கால்களைப் படுக்கைக்கு வெளியே இறக்கி, கையூன்றி எழ வைக்க வேண்டும். காலின் எடை கீழே இறங்க, உடல் மேலே வரும். உட்கார்ந்ததும் அப்படியே ஒரு நிமிடம் விடுங்கள், தலைசுற்றல் வருகிறதா என்று பாருங்கள்.

எழும்போது ஓரத்துக்கு நகர்ந்து, பாதத்தை முழங்காலுக்குப் பின்னால் இழுத்து, மூக்கு கால் கட்டைவிரலுக்கு மேலே வரும்வரை குனிய வேண்டும். குனியாமல் யாராலும் எழ முடியாது, நீங்களும் நானும் உட்பட. ஆனால் உதவி செய்கிறவர் முன்னால் ஒட்டி நின்று குனிய இடம் விடாமல் மேல்நோக்கி இழுக்கிறார். பக்கவாட்டில் நின்று, இடுப்பு பெல்ட்டைப் பிடித்து, விழுந்த பக்கத்து முழங்கால் மடங்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அப்புறம் அந்த ஸ்பாஞ்ச் பந்து. எல்லா வீட்டிலும் வாங்கிக் கொடுத்து "அமுக்கு அமுக்கு" என்கிறார்கள். ஸ்ட்ரோக் கைக்கு மூடுவது சீக்கிரம் வந்துவிடும், திறப்பதுதான் வராது. மூடுகிற வேலையையே நாளெல்லாம் கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. கப்பைப் பிடிப்பதைவிட அதை மேசையில் வைத்துவிட்டு விரலை விடுவிப்பதைப் பழக்குங்கள்.

செயல்கை

பந்து விஷயத்தில் அண்ணன் பக்கம்தான் நானும். கையில் கொஞ்சமாவது திறப்பு இருப்பவருக்கு, மணிக்கட்டு 20 டிகிரியும் விரல்கள் 10 டிகிரியும் தானாக நிமிர்ந்தால், நல்ல கைக்கு உறை மாட்டிக் கட்டுப்படுத்தி, விழுந்த கையையே வேலை செய்ய வைக்கும் முறை உண்டு. மூல முறையில் விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம் உறை, தினம் 6 மணி நேரப் பயிற்சி, இரண்டு வாரம். அரசு ஆஸ்பத்திரியில் அவ்வளவு நேரம் கிடைக்காது, சுருக்கிச் செய்கிறோம். நடையில் தடுமாறுகிறவருக்கு உறையோடு நடமாடக் கொடுக்கவே கூடாது. விழும்போது ஊன்ற ஒரு கையும் இருக்காது.

ராத்திரி ஸ்ப்ளின்ட் (கையை ஒரே நிலையில் பிடித்து வைக்கும் பிளாஸ்டிக் அச்சு) பற்றி யாராவது கேட்குமுன் சொல்லிவிடுகிறேன். ஸ்ட்ரோக் வந்த எல்லாருக்கும் வழக்கமாக ஸ்ப்ளின்ட் போட்டால் கை சுருங்காது என்பதற்கு ஆய்வு ஆதாரம் வலுவாக இல்லை. உள்ளங்கையில் நகம் குத்திப் புண்ணாகிறது, கழுவ முடியவில்லை என்கிற நிலைக்கு அது உதவும். ஸ்ப்ளின்ட் மாட்டியாகிவிட்டது, கை பத்திரம் என்று பயிற்சியை விடுவதுதான் ஆபத்து.

டோங்காட்_செல்வி

ஒரு சங்கடமான கேள்வி. வலது கை விழுந்த ஆயா, தாத்தாமார் இடது கையால் சாப்பிட மாட்டேன் என்று பட்டினி கிடக்கிறார்கள். ஸ்பூன் கொடுத்தாலும் வேண்டாம் என்கிறார்கள். அது கழுவுகிற கை என்று ஒரே பிடிவாதம். ஓ.டி. வெள்ளைக்காரப் பெண்ணோ ஜூலுப் பிள்ளையோ ஆக இருந்தால் அவர்களுக்கு இது புரிவதும் இல்லை. இதற்கு என்ன செய்கிறீர்கள்? சேலைக்கும் ஏதாவது வழி சொல்லுங்கள்.

செயல்கை

புரியவைக்க வேண்டியது குடும்பம்தான், முதல் நாளே சொல்லிவிடுங்கள் அக்கா. சொன்னால் திட்டத்தை மாற்றுவோம். இதில் இரண்டு பக்கமும் வேலை இருக்கிறது.

கழுவுகிற வேலையை இடது கையிடமிருந்து எடுத்துவிட்டால் பாதிப் பிடிவாதம் தளரும். கக்கூஸ் பக்கத்தில் கைக்குழாய் ஸ்பிரே பொருத்தலாம். வாடகை வீடு, குழாய் போட முடியாது என்றால் மூக்கு வளைந்த பிளாஸ்டிக் பாட்டில் போதும். துடைக்க நீளக்கைப்பிடி இடுக்கி கிடைக்கிறது. "இந்தக் கை இனி அங்கே போகாது" என்று சொல்லிச் சாப்பாட்டுக்குக் கேட்டால் சம்மதிக்கிறவர்கள் உண்டு.

வலது கையில் சிறிதாவது அசைவு இருந்தால், முழங்கையை மேசையில் ஊன்றி, கனத்த கைப்பிடி ஸ்பூன். பைப்புக்குப் போடும் நுரைக்குழாயை 10 சென்டிமீட்டர் வெட்டி ஸ்பூன் காம்பில் செருகினால் பிடி கனமாகிவிடும். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும். தட்டுக்கு அடியில் ஈரத்துணி அல்லது வழுக்காத ரப்பர் விரிப்பு. தட்டு, விளிம்பு நேராக எழும்பியதாக இருக்கட்டும், சோறு அதில் மோதித்தான் ஸ்பூனில் ஏறும். கையால்தான் சாப்பிடுவேன் என்றால் குழைய வேகவைத்த சோறு, கெட்டிப் பருப்பு, சிறு உருண்டை. ரசத்தோடு தொடங்கினால் ஒழுகும், மானம் போகும், அடுத்த வேளை சாப்பிட மாட்டார். இதெல்லாம் விழுங்குவதை ஸ்பீச் தெரபிஸ்ட் பார்த்துச் சரி என்ற பிறகுதான். நேராக உட்கார்ந்து சாப்பிட வேண்டும், சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்கக்கூடாது.

சேலை: பாவாடை நாடாவை எடுத்துவிட்டு அகல எலாஸ்டிக். கொசுவத்தை முன்கூட்டியே மடித்துத் தைத்து, இடுப்பில் ஒரு ஹூக் அல்லது வெல்க்ரோ. ஜாக்கெட் முன்பக்கம் திறப்பதாக, ஹூக்குக்குப் பதில் வெல்க்ரோ, மேலே பொய்ப் பட்டன். தையல்காரருக்கு அரை நாள் வேலை. ஆனால் நடை உறுதியாகும்வரை சேலை வீட்டுக்குள் வேண்டாம், கால் இழுத்து நடக்கிறவருக்குக் கொசுவம் தடுக்கும். கோயிலுக்கு, விசேஷத்துக்கு, பக்கத்தில் ஆளோடு.

வார்டு_சிஸ்டர்

இடப்பக்கத்தையே கவனிக்காத நோயாளி பத்தியும் எழுதுங்க. தட்டுல வலது பாதி மட்டும் காலியா இருக்கும், "பசிக்கலையா"ன்னு வீட்டுல கேட்பாங்க.

செயல்கை

அது கண் கோளாறு இல்லை, மூளையின் வலது பாதி அடிபட்டதால் இடப்பக்கம் ஒன்று இருப்பதே கவனத்துக்கு வராத நிலை. பாதி முகம் சவரம் செய்வார், வீல்சேர் இடது பிரேக்கை மறப்பார், கதவு நிலையில் இடிப்பார். தட்டின் இடது ஓரத்தில் பளிச்சென்று சிவப்பு டேப் ஒட்டி, "சிவப்பு தெரியும்வரை தலையைத் திருப்புங்க" என்று ஒவ்வொரு வேளையும் சொல்ல வேண்டும். குடும்பம் இடப்பக்கம் உட்கார்ந்து பேசலாம். ஆனால் அழைப்பு மணி, தண்ணீர், போன் மூன்றும் வலது பக்கமே இருக்கட்டும். பயிற்சிக்காக மணியை இடப்பக்கம் வைத்துவிட்டுப் போனால் அவருக்கு மணியே கிடையாது என்றுதான் அர்த்தம். இவர்கள் வண்டி ஓட்டக்கூடாது. சோதனை முடியும்வரை சாவியை யாராவது எடுத்து வையுங்கள்.

மூட்டுக்காரன்

இடுப்பு எலும்பு முறிந்து மூட்டு மாற்றியவர்களுக்கு என் பங்கு. பின்பக்கமாகத் திறந்து செய்த ஆபரேஷன் என்றால் 6 முதல் 12 வாரம் வரை, சர்ஜன் சொல்கிறபடி, இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக்கூடாது, கால் மேல் கால் போடக்கூடாது, பாதத்தை உட்பக்கம் திருப்பக்கூடாது. தரையில் உட்கார்ந்து பூஜை, குத்துக்காலிட்டு அம்மி, தாழ்ந்த சோபா எல்லாம் போயிற்று. முழங்கால் பின்மடிப்பிலிருந்து தரை வரை அளந்து அதோடு 5 சென்டிமீட்டர் கூட்டுங்கள். வீட்டில் நாற்காலி, படுக்கை, கக்கூஸ் மூன்றும் அந்த உயரத்துக்குக் குறையக்கூடாது. கக்கூஸ் பீங்கான் சுமார் 40 இருக்கும், 10 சென்டிமீட்டர் உயர்த்தும் சீட் போட்டால் பெரும்பாலானவர்களுக்குச் சரியாகும். சீட்டைப் பீங்கானோடு இறுக்கும் கொக்கி உள்ளதாக வாங்குங்கள். சும்மா மேலே வைக்கிற மாடல் ஒரு பக்கம் சாய்ந்தால் நழுவும்.

சுவரில் ஒட்டும் சக்ஷன் கப் கைப்பிடி வேண்டவே வேண்டாம். டைல் வியர்த்தால் கழன்று கையோடு வரும், டர்பன் ஈரக்காற்றில் சொல்லவே வேண்டாம். செங்கல் சுவரில் திருகு போட்டு இறுக்கியதே கைப்பிடி. குளிக்கப் பிளாஸ்டிக் தோட்டத்து நாற்காலி போடுகிறார்கள், ஈர டைலில் அதன் கால்கள் விரிந்து போகும். ரப்பர் குமிழ் மாட்டிய அலுமினிய ஸ்டூல்தான் சரி.

டிஸ்சார்ஜ் அன்று கார்: முன் சீட்டை முழுக்கப் பின்னுக்குத் தள்ளி, சாய்த்து, மேலே ஒரு பிளாஸ்டிக் பை. முதலில் பின்புறத்தை வைத்து உட்கார்ந்து, சாய்ந்தபடி இரண்டு காலையும் சேர்த்து உள்ளே சுழற்ற வேண்டும். பை இருந்தால் துணி பிடிக்காமல் வழுக்கும். உட்கார்ந்ததும் பையை உருவிவிடுங்கள், இல்லாவிட்டால் பிரேக் போடும்போது ஆளும் வழுக்குவார். உயரமான பக்கியில் (பிக்அப் வண்டி) ஏற்ற வேண்டாம்.

கைப்பிரிவு (ஓ.டி., தீக்காயம், கை அறுவை)

பாரஃபின் (மண்ணெண்ணெய்) அடுப்புத் தீக்காயம் இந்த நாட்டில் இன்னும் வருகிறது. அதில் கை புறங்கைப் பக்கம் வெந்தவர்களுக்கு முதல் சில நாட்களிலேயே ஸ்ப்ளின்ட்: மணிக்கட்டு 20 முதல் 30 டிகிரி மேலே, விரல் அடிமூட்டு 70 முதல் 90 டிகிரி மடங்க, விரலின் மற்ற மூட்டுகள் நேராக, கட்டைவிரல் விலகி. நோயாளி தானாக வைத்துக்கொள்வது இதற்கு நேர் எதிர். வலி குறைவாக இருக்கிற நிலைதான் தோல் சுருங்கி ஒட்டுகிற நிலையும். கழுத்து வெந்தவருக்குத் தலையணை கொடுக்காதீர்கள் என்று சொன்னால் "ஈவிரக்கம் இல்லையா" என்று திட்டு விழும். தலையணை வைத்த நாளெல்லாம் தாடை மார்பை நோக்கி இறங்கும்.

ஸ்ப்ளின்ட் பிளாஸ்டிக் 65 முதல் 75 டிகிரி வெந்நீரில் ஒரு நிமிடத்தில் இளகும், கையில் வைத்து உருக்கொடுக்கிறோம். ஆகவே அதைக் காருக்குள் வெயிலில் விட்டுப் போகாதீர்கள், ஜனவரிக் கோடையில் டாஷ்போர்டில் வைத்தால் தட்டையாகிவிடும். புதுசாக மாட்டி அரை மணியில் கழற்றித் தோலைப் பாருங்கள். சிவப்பு 20 நிமிடத்தில் மறையாவிட்டால் மறுபடி மாட்ட வேண்டாம், கொண்டுவாருங்கள், அந்த இடத்தைத் தட்டிச் சரிசெய்வோம். உள்ளே பஞ்சு வைத்து நீங்களே சமாளிக்காதீர்கள், பஞ்சு அழுத்தத்தைக் கூட்டவே செய்யும்.

தழும்பு தடிக்காமல் இருக்க அழுத்த உடை: நாளுக்கு 23 மணி நேரம், குளியலுக்கு மட்டும் கழற்றல், தழும்பு வெளுத்து மிருதுவாகும்வரை, பல பேருக்கு ஒரு வருடத்துக்கு மேல். இரண்டு ஜோடி வேண்டும், ஒன்று துவைக்க ஒன்று போட. மிதமான சோப்பில் கையால் துவைத்து நிழலில் உலர்த்துங்கள். டம்பிள் டிரையர் எலாஸ்டிக்கைக் கொன்றுவிடும்.

நாற்காலி_அளவு

சர்க்கரையால் கால் எடுத்தவர்கள் நம்ம சமூகத்தில் நிறைய. முழங்காலுக்குக் கீழே எடுத்தவருக்கு முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள், மடங்கியே இறுகினால் செயற்கைக் கால் மாட்ட முடியாது. வீல்சேரில் அந்தப் பக்கம் பலகை போட்டுக் கால் நேராக இருக்க வேண்டும். தினம் சிறிது நேரம் குப்புறப் படுத்தால் இடுப்பும் மடங்கி இறுகாது. இல்லாத கால் வலிக்கிறது என்பவரைப் பைத்தியம் என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியலாளர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் அறிமுகப்படுத்திய கண்ணாடிப் பயிற்சி (இருக்கிற காலின் பிம்பத்தை இல்லாத கால் போலக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே அசைப்பது) இதற்குத்தான், எல்லாருக்கும் பலிக்காது, ஆனால் செலவு ஒரு கண்ணாடிதான்.

இன்னொரு ஆபத்தை யாரும் சொல்வதில்லை. கால் போனால் உடம்பின் முன்பக்க எடை குறைகிறது, சாதாரண வீல்சேர் பின்னால் கவிழும், அதுவும் சரிவில் ஏறும்போது. பின்சக்கர அச்சைப் பின்னுக்குத் தள்ள வேண்டும், அல்லது கவிழாமல் தடுக்கும் குட்டிச் சக்கரம்.

அளவு: சீட் அகலம் இடுப்பு அகலத்தைவிட 2 முதல் 3 சென்டிமீட்டர் கூடுதல். ஆழம், பின்புறத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரையில் 5 குறைத்து. கால் பலகை தரையிலிருந்து 5 சென்டிமீட்டராவது மேலே. தாராளமாக இருக்கட்டும் என்று பெரிய நாற்காலி வாங்கினால் ஆள் ஒரு பக்கம் சரிந்து ஒரே எலும்பில் உட்காருவார், புண் வரும். உணர்வில்லாதவர் அடிக்கடி முன்னால் சாய்ந்து பின்புறத்துக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். சட்டென்று தூக்கி இறங்குவது போதாது, ரத்தம் திரும்ப ஓட ஒன்றிரண்டு நிமிடம் வேண்டும்.

சரிவுப்பாதைக் கணக்கு 1க்கு 12, அதாவது உயரத்தைப் போல 12 மடங்கு நீளம். ஸ்டூப்பில் (வாசல் திண்ணை) 17 சென்டிமீட்டர் படி மூன்று இருந்தால் உயரம் 51, பாதை நீளம் 6 மீட்டருக்கு மேல். டர்பனின் சாட்ஸ்வர்த் மேட்டு வீடுகளில் அவ்வளவு முற்றம் ஏது. இரண்டு பலகையைச் செங்குத்தாகப் போட்டுச் சமாளிப்பவர்கள் தள்ளுகிறவரையும் சேர்த்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். இடம் இல்லையென்றால் பின்வாசல், பக்கத்து வீட்டு வழி, திருப்பத்தோடு இரண்டு துண்டுப் பாதை என்று யோசியுங்கள்.

பீனிக்ஸ்வாசி

கார் விபத்தில் கழுத்து அடிபட்ட இளவட்டங்களுக்கு விரல்களை எண்ணெய் போட்டு நீவி நேராக்கிவிடுகிறார்களே, அது சரியா?

கைப்பிரிவு

நல்ல நேரத்தில் கேட்டீர்கள். கழுத்துத் தண்டுவடத்தில் சி6 (ஆறாவது கழுத்து நரம்பு) மட்டத்தில் அடிபட்டவருக்கு விரல் அசையாது, ஆனால் மணிக்கட்டைத் தூக்க முடியும். மணிக்கட்டு மேலே எழும்போது விரல் நாண்கள் இழுபட்டு விரல்கள் தாமாக மூடும், கட்டைவிரல் ஆள்காட்டி விரலில் வந்து ஒட்டும். அந்தப் பிடியில்தான் அவர் டூத்பிரஷ், பேனா, ஸ்பூன் எல்லாம் பிடிப்பார். மணிக்கட்டையும் விரலையும் ஒரே சமயத்தில் நிமிர்த்தி நீவினால் அந்த நாண்கள் தளர்ந்துபோகும், பிடி போயிற்று, திரும்ப வராது. விரலை நீட்டும்போது மணிக்கட்டு கீழே மடங்கியிருக்க வேண்டும், மணிக்கட்டைத் தூக்கும்போது விரல் மூடியிருக்க வேண்டும். வீட்டில் நீவுகிற ஒவ்வொருவரும் இதைச் செய்து காட்டச் சொல்லி வார்டிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

மனநல_ஓ.டி.

எங்கள் பிரிவை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். மனநல வார்டில் ஒருவரிடம் ஸ்பூன்களைப் பிரித்து அடுக்கச் சொன்னால் "சின்னப்பிள்ளை வேலை" என்று குடும்பம் கோபிக்கிறது. இந்த நாட்டு ஓ.டி. வோனா டு டாய்ட் உருவாக்கிய முறைப்படி ஒருவருக்கு எந்த அளவு ஊக்கம் இருக்கிறதோ அந்த அளவுக்கான வேலையைத்தான் கொடுக்கிறோம். ஒரு பொருளை முடித்துப் பார்க்கவே ஆர்வமில்லாதவரிடம் பீன்ஸ் கறி வைக்கச் சொன்னால் பாதியில் எழுந்து போவார். அந்த நிலை தாண்டியவருக்கு ஸ்பூன் அடுக்கக் கொடுத்தால் அவமானம். நிலையைச் சரியாகக் கணிப்பதில்தான் எங்கள் திறமை, அதற்கான மணி நேரம் கிடைப்பதில்லை என்பது வேறு புலம்பல்.

மூளை அடிபட்டவர், ஸ்ட்ரோக் வந்தவர் தனியாக வீட்டில் இருக்கலாமா என்பதற்கு டீ போடச் சொல்லிப் பார்ப்பது உண்டு. இரண்டு கப், ஒன்றில் சர்க்கரை, ஒன்றில் இல்லாமல். கெட்டிலில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்காமல் ஸ்விட்ச் போடுவது, டீ பையைக் கெட்டிலிலேயே போடுவது, நடுவில் பேச்சுக் கொடுத்தால் எங்கே விட்டோம் என்று மறப்பது, ஸ்டவ்வை அணைக்காமல் வருவது எல்லாம் வெளியே வரும். நன்றாகப் பேசுகிற ஆள் இதில் தடுமாறுவார், பேச்சே வராதவர் சுத்தமாகச் செய்துவிடுவார். ஆகவே பேச்சை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

கோப்புக்காரர் (சோஷியல் வொர்க்)

பணம் பக்கம் சுருக்கமாக. 18 முதல் 59 வயது என்றால் சாசாவில் (அரசின் சமூக உதவித்தொகை அமைப்பு) ஊனமுற்றோர் உதவித்தொகை. 60 ஆனால் முதியோர் உதவித்தொகை, இரண்டும் சேர்ந்து வராது. முழுநேரமும் இன்னொருவர் கவனிப்பு தேவைப்பட்டால் அதற்கு மேல் கிராண்ட்-இன்-எய்ட் என்ற கூடுதல் தொகை கேட்கலாம், பல குடும்பங்கள் கேட்பதே இல்லை. "நோயாளி பலவீனமாக இருக்கிறார்" என்கிற கடிதத்தைவிட, "கக்கூஸ் போக, குளிக்க, மாத்திரை எடுக்க இன்னொருவர் கூடவே நிற்க வேண்டும்" என்று வேலை வேலையாக எழுதிய ஓ.டி. அறிக்கை டாக்டருக்குப் படிவம் நிரப்ப உதவும். வேலைக்குத் திரும்புகிறவருக்கு 1998ஆம் ஆண்டு எம்ப்ளாய்மென்ட் ஈக்விட்டி சட்டப்படி முதலாளி நியாயமான மாற்றங்கள் செய்ய வேண்டும். நாற்காலி, வேலை நேரம், இடம். வேலையிடத்தில் நடந்த விபத்து என்றால் அது 1993ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் தனி வழி, முதலாளி அறிக்கை கொடுத்தாரா என்று முதலில் பாருங்கள்.

டோங்காட்_செல்வி

வீட்டுக்கு வந்து பார்க்க ஓ.டி.க்கு வண்டி இல்லை என்கிறார்கள். அப்போ?

செயல்கை

போனும் அளவு டேப்பும் போதும். டிஸ்சார்ஜுக்கு ஒரு வாரம் முன்னாலேயே கொண்டுவாருங்கள், முதல் நாள் அல்ல. வாசல் படிகள் எத்தனை, ஒவ்வொன்றும் எவ்வளவு உயரம். எல்லாக் கதவுக்கும், கதவைத் திறந்து வைத்த நிலையில் உள்ளே எவ்வளவு அகலம் மிஞ்சுகிறது. வீல்சேருக்கு 80 சென்டிமீட்டர் இருந்தால் கை இடிக்காது, குறைந்தால் கதவைக் கழற்றித் திரை போடலாம். படுக்கை உயரத்தை ஒருவர் உட்கார்ந்த நிலையில் அளக்கவும், வெறும் மெத்தையை அளந்தால் ஏமாறுவீர்கள். கக்கூஸ் உயரம், அதன் இரண்டு பக்கமும் சுவர் வரை தூரம், சுவர் செங்கலா போர்டா. படுக்கையிலிருந்து கக்கூஸ் வரை நடந்துகொண்டே ஒரு வீடியோ, ராத்திரி விளக்கு எரியும் நிலையில். கால்மிதி, வயர், நாய் படுக்கிற இடம் எல்லாம் அதில் தெரியும். கீசர் வெந்நீர் எந்தக் குழாயில் வருகிறது என்றும் காட்டுங்கள், உணர்வு குறைந்த கைக்காரர் முதலில் திறக்கிற குழாய் குளிர்நீராக இருக்க வேண்டும்.